சுவரை உடைத்த பிறகு செலவு ஏறுகிறது: எதை விடுவது, எதைப் பிடிப்பது?

ஈசூன்_நான்கறை

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் 1988ல் கட்டிய நான்கறை மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறோம். நான், கணவர், பையன், மாமியார் என நாலு பேர். புதுப்பிப்புக்கு ஒதுக்கிய தொகை 60,000 வெள்ளி. அதில் 25,000 வங்கிக் கடன், மிச்சம் சேமிப்பு. மசேநிதியை (மத்திய சேம நிதி) இதற்குத் தொட முடியாது, அதனால் இதற்கு மேல் போக இடமில்லை.

குத்தகையாளர் கொடுத்த விலை பொருள் சேவை வரியோடு 56,800. இரண்டு குளியலறை, சமையலறை அலமாரி, கூடத்துக்கு வினைல் தரை, கூடத்தில் ஃபால்ஸ் சீலிங், டிவி சுவர், அறைகளுக்கு உடுப்பு அலமாரி, சாயம் எல்லாம் அதில் அடக்கம். ஏர்கான் தனி. அதற்கு வேறு பணம் இருக்கிறது.

போன வாரம் உடைப்பு வேலை தொடங்கியது. சமையலறையின் பழைய மேல் அலமாரியைக் கழற்றியதும் கூரையில் ஒரு பகுதி உப்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. விரல் முட்டியால் தட்டினால் பொத்து பொத்தென்று சத்தம் வருகிறது. ஒரு ஓரத்தில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. அப்புறம் மின்கம்பி எல்லாம் முதலில் போட்டவை, முழுக்க மாற்ற வேண்டும் என்கிறார். குளியலறைத் தண்ணீர்க் குழாயும் அப்படியே. மின்கம்பிக்கு 5,500, கூரைக்கு 1,800, குழாய்க்கு 1,700. மொத்தம் 9,000 கூடுதல். 65,800 ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார். வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஆனியிலும் ஆடியிலும் பால் காய்ச்ச மாமியார் சம்மதிக்க மாட்டார். தவறினால் ஆவணிதான், அதுவரை வாடகை கட்ட வேண்டும். நீங்களாக இருந்தால் எதை வெட்டுவீர்கள்?

பிடோக்_பழசு

சகோதரி, அந்தக் கூரைக்கு இப்போதைக்குச் சரி சொல்லாதீர்கள். அவரை அங்கே கை வைக்கவும் விடாதீர்கள். சிமென்ட் உப்பி உதிர்வது பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சகஜம். காற்றும் ஈரமும் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்து மேலே இருக்கும் சிமென்டைத் தள்ளிவிடும். வீட்டுக்குள் இருப்பதைப் பழுதுபார்ப்பது உரிமையாளர் பொறுப்புதான். ஆனால் வீவகவுக்கு ஒரு நல்லெண்ண உதவித் திட்டம் உண்டு. தகுதி இருந்தால் பாதிச் செலவை அவர்கள் ஏற்பார்கள். உங்கள் வட்டாரக் கிளைக்கு அழைத்து, ஆள் வந்து பார்க்கட்டும். நீங்களே பூசி மூடிவிட்டால் அவர்கள் பார்க்க ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. உங்கள் புளோக்கில், பழைய வீடுகளை அரசாங்கம் சீர்செய்யும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் நடந்துவிட்டதா? 1997 வரை கட்டிய வீடுகளுக்கு அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வந்தால் கூரைப் பழுது, கழிவுநீர்க் குழாய், மின்சுமையைக் கூட்டுவது எல்லாம் அடிப்படை வேலையில் சேரும், குடிமக்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. குளியலறைப் புதுப்பிப்பு விருப்பத் தேர்வு. நான்கறை வீட்டுக் குடிமக்கள் அதில் 7.5 விழுக்காடு கட்டினால் போதும். காசு கொடுத்து இன்று போடும் டைல்ஸை நாளைக்கு அவர்களே போட்டுத் தரலாம்.

மின்கம்பி

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மின்கம்பியைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் காலத்து வீட்டில் ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு டிவி, இரண்டு காற்றாடி ஓடும். இப்போது மூன்று ஏர்கான், உடனடி நீர்ச்சூடேற்றி, அவன், இண்டக்‌ஷன் அடுப்பு. பழைய வீடுகள் சிலவற்றில் முதன்மைச் சுவிட்ச் இன்னும் 30 ஆம்ப்தான். பெட்டியைத் திறந்து 30 என்று எழுதியிருக்கிறதா 40 என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 30 என்றால் அதைக் கூட்டுவது தனி வேலை, உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். குத்தகையாளரின் 5,500ல் அது சேருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, 5,500 என்று ஒரே தொகையாக வாங்காதீர்கள். எத்தனை விளக்குப் புள்ளி, எத்தனை 13 ஆம்ப் சாக்கெட், சூடேற்றிக்கு எத்தனை, ஏர்கானுக்கு எத்தனை என்று பிரித்துக் கேட்டால் அங்கேயே சில நூறு குறையும். சாயம் அடிப்பதற்கு முன் சுவரில் சுண்ணக்கட்டியால் சாக்கெட் இடத்தைக் குறிப்பார்கள். அந்த நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். கட்டில் எங்கே, பையன் மேசை எங்கே, மிக்சியும் கிரைண்டரும் எங்கே என்று கையை வைத்துக் காட்டுங்கள். நம் வீட்டில் கிரைண்டரை வைக்கும் இடத்தில் சாக்கெட் இருக்காது. வரைபடம் போடுபவருக்குக் கிரைண்டர் ஞாபகத்துக்கு வராது. பூஜை அலமாரிக்குள் ஒரு விளக்குப் புள்ளியும் அப்படித்தான் விட்டுப்போகும்.

பணம் போதவில்லை என்றால் புள்ளியைக் குறையுங்கள், கம்பியின் தரத்தைக் குறைக்காதீர்கள். பின்னால் வேண்டும் என்று தோன்றும் இடத்துக்குக் காலிக் குழாய் மட்டும் விட்டு வைக்கலாம், செலவு சொற்பம். சுவரை மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துச் சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும்.

செங்காங்_அம்மா

பிடோக் அண்ணன் சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் அந்த வீட்டில் மாமியார் இருக்கிறார். மேம்பாட்டுத் திட்டம் உங்கள் வட்டாரத்துக்கு எப்போது வரும் என்று யார் சொல்வது? அறிவிப்பு வர வேண்டும், தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காடு சரி என்று வாக்களிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் வேலை. அதுவரை பழைய வழுக்கல் தரையில் வயசானவரை நடக்க விடுவதா? எங்கள் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து படுத்ததைப் பார்த்தவள் நான். அந்தப் பணத்தை நான் ஒரு நாளும் மிச்சம் என்று சொல்ல மாட்டேன்.

டிவி சுவர் முதலில் போகட்டும். ஃபால்ஸ் சீலிங்கும். வீவக வீட்டின் கூரை உயரமே அளவானது, அதை இன்னும் இறக்கி என்ன காணப்போகிறோம்? எங்கள் வீட்டில் அறைகளுக்குத் தச்சு அலமாரியே வேண்டாம் என்று முடிவெடுத்து ஐக்கியாவில் வாங்கி வைத்தோம். பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

மாமியாருக்கு 65 வயதாகிவிட்டதென்றால் ஈஸ் திட்டத்தையும் விசாரியுங்கள். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரைப் பூச்சு, படிக்குச் சரிவு எல்லாம் அரசாங்க மானியத்தோடு கிடைக்கும். கைப்பிடிக்குக் குத்தகையாளரிடம் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கணக்கு_வழக்கு

எதை வெட்டுவது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். நான் பணம் கொடுக்கும் முறையைக் கேட்கிறேன். சகோதரி, இதுவரை எத்தனை விழுக்காடு கொடுத்தீர்கள்? அடுத்த தவணை எதற்கு?

பல ஒப்பந்தங்களில் கையெழுத்துக்கு ஒரு பங்கு, உடைப்பு தொடங்கியதும் ஒரு பங்கு, தச்சு வேலைக்கு அளவெடுத்ததும் பெரிய பங்கு, சாவி கொடுக்கும்போது கடைசி 5 விழுக்காடு என்று இருக்கும். அளவெடுத்ததும் என்று இருப்பதை, தச்சுப் பொருள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் என்று மாற்றச் சொல்லுங்கள். அளவெடுக்க அரை மணி நேரம் போதும், அதற்குப் பாதிப் பணம் போகக் கூடாது. கடைசித் தவணை 10 விழுக்காடாவது உங்கள் கையில் நிற்கட்டும். அந்த 10 விழுக்காடு இருந்தால்தான் இழுக்காத இழுப்பறையைச் சரிசெய்ய ஆள் வருவார்.

கூடுதல் வேலை ஒவ்வொன்றுக்கும் தனித் தாள், தொகை, வரி உட்படவா இல்லையா, எத்தனை நாள் கூடும், இரண்டு பேர் கையெழுத்து. 9 விழுக்காடு வரி 9,000க்கு 810 வெள்ளி. அதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பேசினாலும் அன்று இரவே சுருக்கமாக எழுதி அனுப்பி, அவரிடம் சரி என்று ஒரு பதில் வாங்குங்கள். சிக்கல் வந்து சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போனால் அந்த எழுத்துதான் பேசும். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000.

கடனைக் கூட்டலாமா என்று யோசித்தால், புதுப்பிப்புக் கடனுக்கு உச்சம் 30,000 அல்லது மாதச் சம்பளத்தைப் போல் ஆறு மடங்கு, எது குறைவோ அது. உங்களுக்கு இன்னும் 5,000 இடம் இருப்பதுபோலத் தெரியும். அதை எடுக்காதீர்கள். வீட்டுக் கடனும் ஓடும், இதுவும் ஓடும்.

ஈசூன்_நான்கறை

எல்லோருக்கும் நன்றி. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

வீவகவிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள். கூரைப் பழுதை நல்லெண்ணத் திட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், ஆனால் ஆள் வந்து செய்யக் கொஞ்ச நாள் ஆகுமாம். மேம்பாட்டுத் திட்டம் எங்கள் புளோக்குக்கு இன்னும் வரவில்லை. முதன்மைச் சுவிட்ச் 40 ஆம்ப், முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார். மின்வேலையைப் பிரித்துக் கேட்டதும் 5,500 என்பது 4,900 ஆனது. மின்கம்பி அண்ணனுக்குத் தனி நன்றி. இதுவரை 30 விழுக்காடு கொடுத்திருக்கிறோம். அடுத்தது டைல்ஸ் முடிந்ததும்.

இப்போது பிரச்சினை குளியலறை. செலவைக் குறைக்கப் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம், உடைக்க வேண்டாம், நாளும் மிச்சம் என்கிறார். இரண்டு குளியலறைக்கும் சேர்த்து 3,000 குறையும். செய்யலாமா?

தளத்தில்_நிற்பவன்

நான் தள மேற்பார்வையில் இருப்பவன். உங்கள் வீட்டுக்கு இது சரிவராது.

மேலேயே ஒட்டுவது தப்பான முறை இல்லை, பல வீடுகளில் செய்கிறோம். ஆனால் நீங்கள் இப்போதுதான் குழாய் மாற்றுகிறீர்கள். 1988ல் போட்ட நீர்க்காப்பு இத்தனை வருஷம் தாங்கியதே பெரிய விஷயம். மேலே ஒட்டினால் அது அப்படியே அடியில் கிடக்கும். கசிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் நீர்த்திட்டு தெரியும், அப்போது மேல்வீடு கீழ்வீடு இரண்டும் சேர்ந்துதான் பொறுப்பு. இன்னொன்று உயரம். தரைப் பூச்சும் அதற்கு அடியிலுள்ள சிமென்டும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வீவக விதி. பழைய உரிமையாளர் ஏற்கெனவே ஒரு அடுக்கு ஒட்டியிருந்தால் உங்களுக்கு இடமே இல்லை. உயரம் கூடினால் வாசல் கட்டை தாழ்ந்து தண்ணீர் சமையலறைக்கு வரும், கதவும் தரையில் உரசும்.

என் யோசனை: ஒரு குளியலறையை முழுசாகச் செய்யுங்கள், இன்னொன்றைத் தொடாதீர்கள். சமையலறை ஓரத்துக் குளியலறை மாமியார் பயன்படுத்துவது என்றால் அதை உடைத்து, புதுக் குழாய் போட்டு, புது நீர்க்காப்பு பூசுங்கள். நீர்க்காப்பைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்றிப் பூச வேண்டும், மூலைகளில் வலைத்துணி வைக்க வேண்டும். அப்புறம் வடிகுழாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி வையுங்கள். மறுநாள் நீங்களே கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் கூரையைப் பாருங்கள். தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போகும் வீடுதானே, இப்போதே அறிமுகம் ஆகட்டும். இதைச் செய்யாமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். படுக்கையறைக் குளியலறை கசியவில்லை என்றால் மேம்பாட்டுத் திட்டம் வரும்வரை காத்திருக்கட்டும்.

நாள் கணக்குக்கு வருவோம். இடிப்பது, துளையிடுவது, டைல்ஸ் வெட்டுவது போன்ற சத்த வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது. மறுவிற்பனை வீட்டுக்கு வீவக அனுமதி ஒரு மாதம்தான், அதற்குள் உடைப்பும் டைல்ஸும் முடிய வேண்டும். டைல்ஸ் முடிந்தால்தான் தச்சர் சரியான அளவெடுப்பார். அளவெடுத்துத் தொழிற்சாலையில் செய்து வர மூன்று நான்கு வாரம். கீழ் அலமாரி பொருத்திய பிறகுதான் குவார்ட்ஸ் மேடைக்கு அச்செடுப்பார்கள், அது வர இன்னும் ஒரு வாரம் பத்து நாள். மேடை இல்லாமல் தொட்டி இல்லை, தொட்டி இல்லாமல் குழாய் இல்லை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியையும் அவசரப்படுத்த முடியாது. வைகாசிக்குள் முழு வீடும் முடியும் என்று உங்கள் குத்தகையாளர் சொன்னால் எந்த நாளில் எது என்று அட்டவணை கேளுங்கள்.

பிடோக்_பழசு

தள அண்ணனோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். ஒரு குளியலறையை மட்டும் செய்தால் இன்னொன்றைக் குடிவந்த பிறகு உடைக்க வேண்டிவரும். அந்தத் தூசியும் சத்தமும் குடும்பத்தோடு தாங்கக்கூடியது இல்லை. நாங்கள் அப்படி இருந்திருக்கிறோம், சோற்றில்கூட மண் நெறுநெறுத்தது. முடிந்தால் இரண்டையும் இப்போதே முடித்து, சமையலறை மேல் அலமாரியைத் தள்ளிப்போடலாமே? அதைப் பின்னால் மாட்டுவது தூசியில்லாத வேலை.

தளத்தில்_நிற்பவன்

நியாயம்தான் அண்ணே. ஆனால் மேம்பாட்டுத் திட்டம் வந்தால் கழிவுநீர்க் குழாய் மாற்ற எப்படியும் அவர்கள் குளியலறைக்குள் வருவார்கள். புதுசாகப் போட்ட இரண்டிலும் கை வைப்பதைவிட ஒன்றிலாவது பழையதில் கை வைக்கட்டும். மேல் அலமாரியைத் தள்ளிப்போடுவது நல்ல யோசனை. கூரைப் பழுது முடியாமல் அங்கே எதையும் மாட்டவும் கூடாது, ரெண்டும் ஒத்துப்போகும்.

செங்காங்_அம்மா

கிரகப்பிரவேசத்துக்கு நான் சொல்கிறேன். அதற்கு வீடு முழுக்க முடிந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நிலைக்கதவு, தண்ணீர், மின்சாரம், ஒரு குளியலறை, துடைத்துச் சுத்தமான கூடம் இருந்தால் பால் பொங்கலாம். எங்களுக்கும் குவார்ட்ஸ் வரவில்லை. கையடக்க எரிவாயு அடுப்பைச் சமையலறையின் கிழக்கு மூலையில் வைத்துப் பால் காய்ச்சினோம். குருக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் அதற்கேற்றபடி சுருக்கமாகச் செய்து கொடுப்பார். மாமியாருக்கு நாள்தான் முக்கியம், அலமாரி இல்லை. கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கூடத்தில் வினைல் போட்ட பிறகு ஹோமம் வைத்தால் சூட்டில் தரை சுருங்கி நிறம் மாறிவிடும். பூஜை முடிந்த பிறகு வினைல் போடச் சொல்லுங்கள், பழைய டைல்ஸ் மேலேயே ஹோமம் நடக்கட்டும். முன்பே போட்டுவிட்டால் பெரிய உலோகத் தட்டில் மணல் பரப்பி, மேலே செங்கல் இரண்டு அடுக்கு வைத்துத்தான் குண்டம். புகை எச்சரிக்கைக் கருவி பொருத்தியிருந்தால் அன்று சன்னல் எல்லாம் திறந்து காற்றாடியை ஓட விடுங்கள்.

ஈசூன்_நான்கறை

நேற்று இரவு கணவரும் நானும் உட்கார்ந்து முடிவெடுத்து, இன்று காலை குத்தகையாளரோடு தளத்திலேயே நின்று பேசி முடித்தோம். அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் தொகையோடு எழுதுகிறேன்.

மின்வேலை முழுக்க இப்போதே, 4,900. சமையலறை ஓரத்துக் குளியலறை உடைத்துச் செய்வது, புதுக் குழாயும் நீர்க்காப்பும். கூரையை வீவகவிடம் விட்டுவிட்டோம். எங்கள் பங்கு 900 என்று வைத்திருக்கிறேன், ரசீது வந்ததும் சொல்கிறேன். டிவி சுவர் 2,200, ஃபால்ஸ் சீலிங் 2,400 இரண்டும் போயிற்று. படுக்கையறைக் குளியலறை 6,500ஐ எடுக்கச் சொன்னபோது டைல்ஸ் ஏற்கெனவே வந்துவிட்டது என்று 5,700 மட்டும் கழித்தார். டைல்ஸ் பெட்டிகளை நாங்களே எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டோம், சாமான் அறையில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குழாய் மட்டும் 1,700க்குள்ளேயே, சுவரை உடைக்காமல் அதன் மேலேயே தெரியும்படி மாற்றித் தருகிறார். மொத்தம் 54,000. கையில் 6,000 மிச்சம். அதை இப்போது யாருக்கும் சொல்லவில்லை, குத்தகையாளருக்கும்தான்.

மேல் அலமாரி கூரை முடிந்த பிறகு வரும், அதற்குத் தனித் தவணை. தச்சுப் பணம் பொருள் இறங்கியதும் என்று மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. 10 விழுக்காடு கேட்டோம், 8க்கு ஒத்துக்கொண்டார். விட்டுவிட்டேன், ஏனென்றால் வாராவாரம் அட்டவணை அனுப்ப அவர் தானாகச் சம்மதித்தார், எனக்கு அது பெரிசு.

மாமியாரிடம் பேசினேன். அடுப்பு மூலை சரியாக இருந்தால் போதும் என்றார். வைகாசி நாள் அப்படியே நிற்கிறது. வினைல் மறுநாள் காலையில் வரும்.

ஒரு கேள்வி மிச்சம். ஏர்கான் ஆள் எப்போது வர வேண்டும்? சாயத்துக்கு முன்பா பின்பா?

மின்கம்பி

முன்பே. செம்புக் குழாயும் வடிகுழாயும் போகும் மறைப்பைச் சாயத்துக்கு முன் போட்டுவிட்டுப் போவார்கள், கருவியைச் சாயம் காய்ந்த பிறகு மாட்டுவார்கள். இரண்டு முறை வருவதற்குச் சேர்த்துத்தான் விலை சொன்னாரா என்று கேளுங்கள். வெளிப்பெட்டி வைக்கும் இடமும் ஏர்கானுக்கு மின்கம்பி வந்து நிற்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் சுவரில் குறி போடும் நாளுக்கே அவரையும் கூப்பிடுங்கள்.